எகிதியோவின் ப்ரேகோ

"கடைசி யாரு?"

டாக்டர் வீட்டு முன்னறைக்குள் நுழைந்ததும் ஃபுல்வியா கேட்டாள். இத்தாலியின் த்ரியெஸ்தே நகரில் இதற்கெல்லாம் டோக்கன் கிடையாது. வருகிறவர் கேட்பார், கடைசியாய் வந்தவர் கை தூக்குவார்.

"நான்தான். எனக்கப்புறம் நீ," என்றாள் கீழ்வீட்டு வாண்டா.

ஃபுல்வியா உட்கார்ந்தாள். மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் சோதனை முடிவு இன்றைக்குத் தெரியும். அவள் கைக்குட்டை கயிறாய் முறுகியிருந்தது.

ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில் கிழவர் எகிதியோ.

"முதல் ஆள் அவருதான். ஆனா உள்ள போகமாட்டாரு, பாரு," வாண்டா கிசுகிசுத்தாள். "கதவு திறந்ததும் யாருக்காவது ஒரு 'ப்ரேகோ' போட்டுட்டு இங்கயே உக்காந்துக்குவாரு. தினமும் இதே கூத்து."

"மரியாதைதானே?"

"அடி போடி! காப்பிக் கடையில ப்ரேகோன்னா என்ன வேணும்னு அர்த்தம். நன்றின்னு சொன்னா, பரவாயில்லைங்கறதுக்கும் ப்ரேகோ. வாசல்ல, நீங்க முன்னால போங்க. சர்ச்சுல, ஆண்டவரே வேண்டிக்கறேன். இவரு சொன்னா மட்டும், 'ஹீட்டர் சொகமா இருக்கு, எனக்கு அவசரமில்ல'ன்னு அர்த்தம்!"

ஃபுல்வியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கதவு திறந்தது. எகிதியோ எழுந்தார். ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். கைக்குட்டையில் வந்து நின்றது பார்வை.

"ப்ரேகோ, அம்மா."

"என் முறை இன்னும் வரலீங்களே."

"என்னோடது வந்துடுச்சு. அதை எடுத்துக்குங்க. உங்க இடத்துல நான் இருக்கேன்."

உள்ளே டாக்டரம்மா சிரித்தபடியே சொல்லிவிட்டாள்: "ஒண்ணுமில்ல ஃபுல்வியா. வெறும் கொழுப்புக் கட்டி."

அழுது முடித்துவிட்டு ஃபுல்வியா கேட்டாள்: "அந்தப் பெரியவருக்கு என்ன உடம்புக்கு?"

"எகிதியோவுக்கா? ஒண்ணுமில்ல. அவர் என்கிட்ட வைத்தியமே பாக்கறதில்ல. இருட்டோட வந்து, அந்தப் பேய்க்காத்துல வாசல்ல நின்னு முதல் இடத்தைப் பிடிக்கறார். யாருக்கு அவசரமோ அவங்களுக்குக் கொடுக்க." அவள் குரல் தாழ்ந்தது. "அவர் மனைவி நீவெஸுக்கு ஒருநாள் நெஞ்சுவலி. முன்னால விடுங்கன்னு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, கடைசி ஆளா உக்காந்திருந்தாங்க. நான் கூப்பிட்டப்போ எழுந்திருக்கல."

ஃபுல்வியா வெளியே வந்தாள். அவரது இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். குளிர்காற்றில் வெடித்த கைகள்.

"நன்றிங்க, ஐயா."

"ப்ரேகோ."

வெளிக்கதவு திறந்தது. கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்.

"கடைசி யாரு?"

எல்லோருக்கும் முன்னால் வந்த மனிதர் கையைத் தூக்கினார். "நான்தாம்மா."