சோற்றில் குத்திய கரண்டி

சாப்பிடும் குச்சிகளை எடுத்துவிட்டு, சோற்றுக் கிண்ணத்தில் மருமகன் இன்சூ கரண்டியைச் செங்குத்தாகக் குத்தியதும் ஷிகெசோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொரியாக்காரன் புத்தியக் காட்டிட்டான் பாரு! ஜப்பான்காரன் வீட்ல கரண்டியா?”

இன்சூ காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் மித்சுகோ சிரித்தாள். “அப்பா தையத்தக்கான்னு குதிப்பாருங்க.”

“குதிக்கட்டும். எங்க ஊர்ல இப்படித்தான் படைப்போம்.”

அவள் ஷிகெசோவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாள். “கோவிச்சுக்காம சாப்பிடுங்கப்பா.”

செத்து ஒரு வருஷமாகியும் ஷிகெசோவுக்கு வீம்பு போகவில்லை. “இன்னிக்கு நம்ம முன்னோரெல்லாம் வீட்டுக்கு வர்ற நாள். ஒருத்தராவது இதத் தொடுறாங்களான்னு பாக்குறேன்!”

மலைமேல் இருந்த குடும்பக் கல்லறையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

காலடிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கொரியாவைப் பார்த்துக் கிடந்த கடலிலிருந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கூட்டம் கரையேறி வந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் ஷிகெசோவின் அதே கோணல் மூக்கு.

எல்லாருக்கும் மூத்த கிழவர் அவரை விலக்கிவிட்டு, ஆசை ஆசையாகக் கரண்டியை உருவினார்.

“இத்தன காலமா வெறும் குச்சிய வச்சு எங்களப் பட்டினி போட்டது நீதானாடா, பேராண்டி?”