ஐந்தாம் துளை

பாய்மரப் பந்தயத்தன்று காலை, கரீபியக் கடலில் உள்ள எங்கள் கரியாக்கூ தீவின் துறையில், என் கணவர் கத்பர்ட்டின் இடுப்பில் பாதுகாப்பு வாரை மாட்டி ஐந்தாம் துளையில் இறுக்கினேன். அலை அடித்தாலும் ஆளைப் படகோடு பிடித்துவைக்கும் வார் அது.

“ஆட்டைக் கட்டுற மாதிரி என்னைக் கட்டுறியேடி! கரையே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்யா. கழட்டுன, ராத்திரி மீன்குழம்பு கிடையாது!”

புதுப் பாய் காற்றை வாங்கியதும் இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம். கரையில் கூட்டம் பார்க்கிறதென்று அவர் வாரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முன்பக்கம் ஓடினார். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஓர் அலை அவரைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

ஓராண்டு கழித்து, என் தங்கை வெர்லினோடு மறுபடி பாய் விரித்தேன். ஒல்லியான அவளுக்கு அதே வாரை இரண்டாம் துளையில் இறுக்கினேன்.

“அக்கா, பறக்குதுக்கா!”

நானும் கூவினேன். அதே மிதவையருகே பேரலை ஒன்று எங்கள்மேல் புரண்டது. வெர்லின் சிரித்தபடி எழுந்தாள். கரையேறியபோது பார்த்தேன், வார் அவள் இடுப்பில் தளர்ந்து தொங்கியது, ஐந்தாம் துளையில்.

அதன்பின் வாரந்தோறும் போகிறோம். நேற்றும் இரண்டில்தான் இறுக்கினேன். திரும்பியபோது ஐந்தில் இருந்தது.