இலக்கு போர்டும் தர போர்டும்

கம்பெனிச் சுவரில் இரண்டு போர்டுகள். ஒன்றில் இன்றைய இலக்கு, மற்றதில் பழுதில்லாத் தரம். இலக்கு போர்டின் கீழே ஜெயப்பிரியா ஒயர்களைக் கனெக்டரில் செருகித் தள்ளுகிறாள். தர போர்டின் கீழே, காலையில் கூடுவாஞ்சேரியில் அவளோடு ஒரே பஸ் ஏறிய துர்காதேவி, ஒவ்வொன்றையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இழுத்துப் பார்க்கிறாள். இன்றும் இலக்கு குறைந்தால் ஜெயாவுக்கு வேலை போய்விடும். "அதுவும் போச்சாக்கா?" ஜெயா திரும்பாமலே கேட்கிறாள். "லூஸா கீதுடி." துர்கா அதைச் சத்தமில்லாமல், இலக்குக் கணக்கில் சேராத சிவப்புத் தட்டில் வைக்கிறாள். சங்கு ஊதுகிறது. சூப்பர்வைசர் இலக்கு போர்டிலிருந்து ஜெயாவின் பெயரைத் துடைத்துவிட்டு, தர போர்டில் துர்காவின் பெயருக்கு நட்சத்திரம் வரைகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். துர்கா நிமிரவில்லை. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும், ஒயர் கீறிய ஜெயாவின் கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருக்கின்றன.