ஆபரேஷனுக்கு முன்னால்

சவரக் கத்தியோடு ஐடா உள்ளே வந்ததும் ஜெயகரன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான். ராபர்ட்சன்பேட்டையில் இத்தனை நர்சிங்ஹோம் இருக்க, செத்துப்போன பெண்டாட்டியின் தங்கச்சி வேலை பார்க்கிற இடத்திலா வந்து படுக்க வேண்டும்?

"பயப்படாதீங்க மாமா. ஆபரேஷனுக்கு முடி எடுக்கத்தான் கத்தி" என்றாள் ஐடா.

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெண்டாட்டி புஷ்பவல்லிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே, அவளைப் பெட்டியோடு மாரிகுப்பத்துத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட்ட படுபாவி அவன். 'என் ரத்தம் சுத்தம், இவதான் எங்கியோ வாங்கிக்கினு வந்துட்டா' என்று சர்ச் கமிட்டி முன்னால் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். நீயும் டெஸ்ட் எடு என்றதற்கு, 'தப்பு பண்ணவளுக்குத்தான் டெஸ்ட்டு' என்று முறுக்கிக்கொண்டு போனான். அந்தப் பழியோடுதான் அவள் கண்ணை மூடினாள்.

இப்போது அவனுக்கு அடுத்த மாசம் பங்காரப்பேட்டை ஷோபாவோடு கல்யாணம்.

"புது மாப்பிள்ளைக்கு இன்னாத்துக்கு மாமா இந்த ஆபரேஷன்?"

ஜெயகரன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினான். "சுன்னத் பண்ணிக்கினா எய்ட்ஸ் வராதாம். பேப்பர்லியே போட்டுக்கிறான். தபால்ல பேரில்லாம வந்துது. கூட லாரி ஓட்டுற வேலுதான் அனுப்பியிருப்பான், இந்த டாக்டர் அட்ரஸோட. மாசம் நாலு டிரிப் பம்பாய் போறவன் நான். கல்யாணம் ஆனா மட்டும் சும்மா இருக்க முடியுமா?"

"வராதுன்னு போடல மாமா. வர்ற வாய்ப்பு கம்மின்னுதான் போட்டிருக்கு."

"கம்மின்னா போதும்."

ஐடா சவரம் செய்ய ஆரம்பித்தாள். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் அலமாரியைப் பார்த்தான். தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது.

டாக்டர் எட்மண்ட் வந்து கதவைச் சாத்தினார். "ஜெயகரன், ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் எடுக்கிற ரத்த டெஸ்ட், போன வாரம் உங்களுக்கு எடுத்தது வந்திருக்கு. உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரெண்டு தடவை பார்த்தாச்சு. இப்ப ஆபரேஷன் வேணாம். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுகிட்ட சொல்லிடணும்." மாத்திரை, மருந்து பற்றிப் பேச மத்தியானம் வரச்சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயகரன் எழுந்து உட்கார்ந்தான். "உங்க அக்காதான்..."

"பம்பாய் டிரிப்பு பத்தி நீங்களே இப்பத்தான் சொன்னீங்க மாமா. ஷோபா வீட்டுல இன்னிக்கே சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை கமிட்டி முன்னாடி எங்க அக்கா பேர்ல நீங்க சொன்னது பொய்யின்னும் சொல்லுங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த வேலுப்பய மட்டும் இந்தத் தாளை அனுப்பாம இருந்திருந்தா..."

ஐடா அந்தத் துண்டை வாங்கி அலமாரிப் பேப்பரின் ஓட்டையில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"உங்க ரத்தத்துக்காக நான்தான் அனுப்புனேன், மாமா."