தம்பியின் ‘உம்’

இப்போதெல்லாம் எவனும் விஷயம் இருந்து பேசுவதில்லை. டவருக்காகப் பேசுகிறான். எங்கள் மலையூர் டவரை அரசாங்க மானியத்தில் ஓட்டுகிறார்கள். அதற்கு வீட்டுக்கு வீடு தினமும் அரைமணி நேரம் போனில் பேசியாக வேண்டும். குறைந்தால் மானியம் நிற்கும், டவரும் நிற்கும். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட வழி கிடையாது. என் மருமகளுக்கு நிறைமாதம்.

யார் யாரோடு பேசுவது என்று டவர் ஆபீசில் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தவன் பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி வெள்ளையன். ஒரு பலாமரத் தகராறில் பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

தினமும் சாயங்காலம் நான் அவனைத் திட்டுவேன். அவன் “உம்” கொட்டுவான். அதையும் பேச்சு என்றே சேர்த்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை “உம்” வரவில்லை. “வாயில என்னடா கொழுக்கட்டையா?” என்று விடாமல் திட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்தபடியே செத்துக் கிடந்தான்.

காரியம் முடிந்ததும் ஆபீஸ் அம்மா வந்தது. “பெரியவரே, உங்க தம்பி குரலை மிஷின்ல ஏத்திட்டோம். நீங்க எப்பவும்போலப் பேசுங்க, டவர் நிக்காது.”

போனை ஸ்பீக்கரில் போட்டுத் திட்டிப் பார்த்தேன். “உம்” என்றது.

“அப்படியே சின்ன மாமாதான்,” என்று மருமகள் கண்ணைத் துடைத்தாள்.

“போம்மா. அவன் ஒரு மூச்சு வாங்கிட்டுத்தான் ‘உம்’ சொல்லுவான். இதுக்கு மூச்சே இல்ல. நீயே திட்டிக்கோ.”

போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பலாமரத்துப் பக்கம் நடந்தேன். பின்னால் அவள் தயங்கித் தயங்கித் திட்ட ஆரம்பித்தாள். அது ஒவ்வொன்றுக்கும் “உம்” என்றது. நான் திரும்பவில்லை.