பொத்தான்மேல் இருந்த விரல்

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் சுவரை ஒட்டி விட்ட சிவப்புச் சாயம் நூல்போலப் படுத்துக் கிடக்கும். திடீரென்று தலை தூக்கும், நெளியும், வெடித்துச் சிதறும். சிதறுகிற அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவது தணிகைவேலின் வேலை. சுவரில் பதித்த சென்சாரும் அதே வெடிப்பைத் தானாகப் பிடிக்கும். திரையில் மேலே சென்சாரின் கோடு, கீழே அவனுடையது. இரண்டும் ஒத்துப்போனால்தான் சென்சாரை நம்பலாம்.

சென்சாரைப் பதித்தவன் புதிதாக வந்த ரெக்ஸ்லின். தடுப்புக்கு அப்பால் அவன் ஏதோ சொல்லச் சொல்ல, வினோலியா சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் தணிகைவேலால் அந்தச் சிரிப்பை ஒருமுறைகூட வரவழைக்க முடிந்ததில்லை. அப்படி என்னதான் சொல்லித் தொலைக்கிறான்?

வினோலியா வந்து திரையைப் பார்த்தாள். "என்ன தணிகை, பாதி இடத்துல சென்சார் சும்மா கிடக்கு. நீங்க மட்டும் அழுத்தியிருக்கீங்க?"

"அவன் சென்சார்தான் கோட்டைவிடுது." பொய் வாய் கூசாமல் வந்தது.

"அப்படியா? இருங்க, நானும் பாக்கறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயம் அசையாமல் சுவரோடு படுத்திருந்தது.

"வினோ, உன் டீயில எறும்பு நீச்சல் அடிக்குது!" என்று ரெக்ஸ்லின் கத்தினான்.

அவள் சிரித்தாள். கீழ்க்கோடு துள்ளி எழுந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பார்வை திரையிலிருந்து இறங்கி, பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்த அவன் விரலுக்கு வந்தது.

அப்போதுதான் சாயம் வெடித்தது. மேல்கோடு மட்டும் எழுந்தது.