ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேரா? அம்புட்டுப் பேரும் எங்கன வெளிக்குப் போவாக?"

சமுதாயக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கேட்ட வேலுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

சென்னையிலிருந்து சுற்றுலாத் திட்டத்தோடு வந்திருந்த பிரீத்திகா, திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் நாரைகள் வந்து தங்கும் கண்மாய், படத்தில் அடையாளமே தெரியவில்லை. கரை முழுக்க விடுதிகள், தண்ணீரில் மோட்டார் படகுகள், வானத்தில் வாணவேடிக்கை.

"கழிவறை எல்லாம் கட்டிடுவோம்மா. நூறு ரூம் வரப்போகுது."

"தண்ணி? எங்க தெருக்குழாய்ல நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது."

"போர் போடுவோம்."

"நூறு ரூமுக்கு நீங்க உறிஞ்சுனா, எங்க கெணத்துல என்ன மிஞ்சும்?"

பஞ்சாயத்துத் தலைவர் முனியராஜ் குறுக்கிட்டார். "வேலுத்தாயக்கா, கொஞ்சம் பொறுங்க. பட்டாசுக் கம்பெனியப் பூட்டி நாலு மாசமாச்சு. இங்கன முக்காவாசிப் பேருக்கு வேலை இல்ல. உங்களுக்கும்தான். மேடம் முந்நூறு பேருக்கு வேலை தாரோம்ங்காக."

அதில் பொய் இல்லை. வேலுத்தாயும் அதே கம்பெனியில் பதினெட்டு வருடம் வெடிக்குத் திரி வைத்தவள். கம்பெனியைப் பூட்டிய பிறகு, மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கிறது.

அவள் திரையைக் காட்டிக் கேட்டாள். "அந்த வாணவேடிக்கை எப்ப, தாயி?"

"டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும், வாரத்துல ரெண்டு நாள். அதுதானே பறவை சீசன்? கூட்டமும் அப்பதான் வரும்."

"நாரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற மாசம் தாயி அது. ஊரு ஊருக்கு வெடி செஞ்சு அனுப்புனோம். ஆனா அந்த மாசங்கள்ல இங்கன ஒரு கல்யாணத்துக்குக்கூடச் சரம் கொளுத்துனதில்ல. பறவை பயந்து போயிருச்சுன்னா, உங்க ரெண்டாயிரம் பேரும் எதப் பாக்க வருவாக?"

கூடத்தில் பல தலைகள் ஆமோதித்து ஆடின.

"அப்போ உங்க ஊருக்கு யாருமே வர வேண்டாமா?" கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள் பிரீத்திகா.

"வேண்டாம்னு எவ சொன்னா? தாராளமா வரட்டும். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. எங்க வீடுகள்லயே தங்கட்டும். நாங்க ஆக்குறதச் சாப்பிடட்டும். எங்க ஆளுகளே கூட்டிட்டுப் போயிக் காட்டுவாக. முட்டை கெடக்கையில கரையில ஏறாம, தள்ளி நின்னு பாக்கட்டும்."

"நாற்பது பேருக்காக எந்தக் கம்பெனியும் இங்க வராது."

"வராட்டிப் போகுது. எங்களுக்குக் கண்மாய் இருக்கு."

முனியராஜ் வேறு வழியில்லாமல் கை தூக்கச் சொன்னார். திட்டம் வேண்டும் என்பதற்கு நாலைந்து கைகள். வேண்டாம் என்றதும் கூடமே கை தூக்கியது. சற்றுத் தயங்கி, தலைவரின் கையும் மேலே போனது.

பிரீத்திகா மடிக்கணினியை மூடினாள். வேலுத்தாய் அவளருகே வந்தாள்.

"மனசுல வச்சுக்கிடாதீக தாயி. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"கண்டிப்பா வர்றேன்க்கா. அதுக்கு முன்னாடி உங்க எல்லார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்கணும்" என்ற பிரீத்திகா, பையிலிருந்து வேறொரு ஃபைலை எடுத்தாள். "இவ்வளவு நேரம் நான் காட்டினது பொய்த் திட்டம். இதே படத்துக்கு நாலு ஊர்ல கை தட்டினாங்க. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். இதை வேண்டாம்னு சொல்ற ஊருக்குத்தான் எங்க அறக்கட்டளை, ஊர்க்காரங்களே நடத்துற உண்மையான திட்டத்தைக் கொடுக்கும்."

பேனாவைத் திறந்தபடி வேலுத்தாயைப் பார்த்தாள்.

"இதுல ஒரு நாளைக்கு அறுபது பேர்னு போட்டிருக்கோம். அடிச்சிட்டு நாற்பதுன்னு எழுதிடட்டுமாக்கா?"